செக்-அவுட் நாள் காலையில் யார் கதவைத் தட்டலாம்?

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர்: மதுரை, கொடைக்கானல், சென்னை என மூன்று ஊர் ஹோட்டல்களில் 31 ஆண்டுகள் ஹவுஸ்கீப்பிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

*

கேள்வி: போன வைகாசியில் தங்கை மகள் கல்யாணத்துக்கு மதுரை போயிருந்தோம். முகூர்த்தம் அதிகாலை 4.30 முதல் 6 வரை. நான் தாய்மாமன், அதனால் ராத்திரி மண்டபத்தை விட்டு வரவே 1 மணி ஆகிவிட்டது. மூன்று மணிக்கு எழுந்து மறுபடி ஓட்டம். எல்லாம் முடிந்து, டிபன் சாப்பிட்டு, 7.30க்கு அறைக்கு வந்து, ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ அட்டையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு நானும் மனைவியும் படுத்தோம். அந்த ஹோட்டலில் செக்-அவுட் பகல் 12 மணி. 8.20க்கு மணி அடித்து, “காலி பண்றீங்களா சார்?” என்றார் ஒரு பையன். 9 மணிக்கு இன்னொருவர் வந்து ஃபிரிட்ஜில் என்ன எடுத்தீர்கள் என்று பார்க்க வேண்டும் என்றார். 9.40க்குச் சாவி போடும் சத்தம். எழுந்து உட்காருவதற்குள் கதவு திறந்து ஒரு பெண் உள்ளே வந்துவிட்டாள். என் மனைவி போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். அந்தப் பெண் “ஸாரி சார், ஸாரி சார்” என்று நடுங்கிப் போய் ஓடினாள். 12 மணி வரை வாடகை கொடுத்தவன் நான். இது முறையா? நான் கத்தியது தப்பா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: முறையே இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அட்டை மாட்டிய கதவை, செக்-அவுட் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால், உள்ளிருந்து பதில் வராமல் சாவி போட்டுத் திறப்பது எங்கள் தொழிலில் பெரிய தவறு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. உங்கள் மனைவியிடம் அந்த ஹோட்டல் மேலாளர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம், அந்தப் பெண் ஏன் வந்தாள் என்பதையும் சொல்கிறேன். நானும் அந்த ட்ராலியைத் தள்ளியவள்தான்.

ஒரு ரூம் அட்டெண்டன்ட்டுக்கு ஒரு ஷிஃப்ட்டுக்குச் சுமார் 14 அறை கொடுப்பார்கள். எட்டு மணி நேர வேலையில் சாப்பாட்டுக்கு அரை மணி கழித்தால் 450 நிமிடம். ஆள் தங்கியிருக்கிற அறையைச் சுத்தம் செய்ய 20, 25 நிமிடம் போதும். ஆள் காலி செய்த அறை அப்படியில்லை. விரிப்பு, உறை எல்லாம் உருவி மாற்ற வேண்டும். குளியலறையை மேலிருந்து கீழே தேய்க்க வேண்டும். கட்டிலுக்கு அடியில், அலமாரி லாக்கருக்குள், மேஜை இழுப்பறையில் எதையாவது விட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 40 நிமிடத்துக்குக் குறைந்து ஒழுங்காக முடியாது. 14-ல் எட்டு அறை காலியாகிற நாள் என்று வையுங்கள். எட்டு நாற்பது 320. மீதி ஆறு அறைக்கு 130 நிமிடம். மொத்த ஷிஃப்ட்டும் அதோடு சரி, மூச்சு விட நேரம் கிடையாது.

இதில் முடிச்சு எங்கே விழுகிறது என்றால், செக்-அவுட் 12 மணி, அடுத்தவருக்குச் செக்-இன் 2 மணி. எட்டு அறைக்காரர்களும் 12 மணிக்குத்தான் கிளம்பினார்கள் என்றால், இரண்டு மணிக்குள் அவளால் மூன்று அறைதான் முடிக்க முடியும். மற்ற ஐந்து குடும்பம் பெட்டி படுக்கையோடு லாபியில் உட்கார்ந்திருக்கும். வைகாசி முகூர்த்த நாளில் மதுரையில் அது ஐந்தோடு நிற்காது. அதனால் சூப்பர்வைசர் காலை எட்டு மணியிலிருந்தே ‘டியூ அவுட்’ பட்டியலை, அதாவது அன்றைக்குக் காலி செய்ய வேண்டிய அறைகளின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, “எது காலியாச்சு, எது காலியாச்சு” என்று விரட்டுவார். சிலர் ரிசப்ஷனில் சொல்லாமல், சாவியை மேஜையில் வைத்துவிட்டு விடியற்காலையிலேயே போய்விடுவார்கள். அட்டை கதவில் தொங்கிக்கொண்டே இருக்கும். நேற்று அப்படி ஓர் அறையில் ஏமாந்தவள், இன்றைக்கு உங்கள் அறையையும் அப்படித்தான் என்று நினைத்துத் திறந்திருப்பாள்.

காரணத்தைச் சொன்னேனே தவிர, அதை நியாயம் என்று சொல்லவில்லை. இந்தக் கணக்கு ஹோட்டலின் கணக்கு. ஆள் போதவில்லை என்றால் முகூர்த்த நாளில் கூடுதல் ஆள் போட வேண்டும். அதைச் செய்யாமல், விருந்தாளியின் தூக்கத்தில் இரண்டு மணி நேரத்தைக் கடன் வாங்கக் கூடாது. உங்களிடம் மூன்று பேர் தனித்தனியாக வந்திருக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு அதிகம் வருத்தம். 8.20க்கு வந்த பையனிடம் நீங்கள் “பன்னிரண்டுக்குத்தான்” என்று சொல்லியிருப்பீர்கள். அவன் அந்த ஒரு வார்த்தையை மாடி சூப்பர்வைசரிடம் சொல்லி, அவர் பட்டியலில் உங்கள் அறை எண்ணுக்கு எதிரே ‘12’ என்று எழுதியிருந்தால், மற்ற இரண்டு பேரும் வந்திருக்கவே மாட்டார்கள். ஒரு பேனாக் கீற்றில் முடிகிற வேலை.

நானே ஒரு முறை இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். 1994, கொடைக்கானல், மே மாத சீசன். ஏரிக்கு மேலே ஒரு ஹோட்டல். மூன்று முறை தட்டினேன், “ஹவுஸ்கீப்பிங்” என்று சொன்னேன், பதில் இல்லை, திறந்துவிட்டேன். அறுபத்தைந்து வயது இருக்கும், ஓர் அம்மா கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். தலையில் ஈரத்துண்டு. வாயில் இரண்டு ஊக்குகளைக் கடித்துக்கொண்டு, இடது கையால் கொசுவத்தைப் பிடித்திருந்தார். குளிரில் விரல் விறைத்துப்போய் மடிப்பு நிற்கவில்லை. வாயில் ஊக்கு இருந்ததால்தான் நான் தட்டியபோது அவரால் குரல் கொடுக்க முடியவில்லை. என்னைப் பார்த்ததும் கொசுவம் கையிலிருந்து நழுவி மொத்தமும் தரையில் விழுந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. ஊக்கை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, “ஏம்மா, பன்னிரண்டு மணி வரைக்கும் இது எங்க வீடுதானே?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து நான் தட்டிய பிறகு பத்து எண்ணாமல் எந்தக் கதவையும் திறந்ததில்லை. எனக்குக் கீழே வேலை பார்த்த பிள்ளைகளையும் எண்ண வைத்திருக்கிறேன், சத்தமாகவே.

சரி, அடுத்த முறை நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். முதல் நாள் ராத்திரி ரிசப்ஷனுக்கு போன் செய்து, “நாளைக்கு நாங்கள் 12 மணிக்குத்தான் கிளம்புவோம், அதற்கு முன்னால் யாரும் வர வேண்டாம், ஹவுஸ்கீப்பிங்கிலும் சொல்லிவிடுங்கள்” என்று சொல்லுங்கள். ஹவுஸ்கீப்பிங்கிலும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். ரிசப்ஷனும் ஹவுஸ்கீப்பிங்கும் ஒரே கட்டடத்தில் இரண்டு ஊர் போல இருப்பதை நிறைய இடங்களில் பார்த்திருக்கிறேன். ஃபிரிட்ஜில் எதையும் எடுக்கவில்லை என்றால் அதையும் அதே போனில் சொல்லிவிட்டால், அதற்காக ஒருவர் வரும் வேலை மிச்சம்.

கதவைச் சாத்தினால் மட்டும் போதாது, உள்தாழ்ப்பாளைப் போடுங்கள். கார்டு சாவி வைத்த ஹோட்டலாக இருந்தால் கைப்பிடிக்குக் கீழேயோ மேலேயோ ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைத் திருப்பிவிட்டால் அட்டெண்டன்ட் கையில் இருக்கும் சாதாரண மாஸ்டர் சாவி வேலை செய்யாது. அவசரத்துக்கென்று மேலாளரிடம் இருக்கும் சாவிதான் திறக்கும். அட்டையில் எந்தப் பக்கம் வெளியே தெரிகிறது என்றும் ஒரு தடவை பாருங்கள். பின்பக்கத்தில் ‘அறையைச் சுத்தம் செய்யவும்’ என்று இருக்கும், நடைபாதைக் காற்றில் அது புரண்டுவிடுவது உண்டு. அட்டைக்குப் பதில் சிவப்பு விளக்கு சுவிட்ச் இருக்கிற சில ஹோட்டல்களில், சுவரில் செருகிய கார்டை எடுத்ததும் அந்த விளக்கும் அணைந்துவிடும்.

கத்தியது தப்பா என்று கேட்டீர்கள். தூக்கக் கலக்கத்தில் அறைக்குள் ஆள் நுழைந்தால் யாருக்கும் சத்தம் வரத்தான் செய்யும், அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் புகார் கொடுத்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கொடுங்கள். அந்தப் பெண்ணின் மேல் வேண்டாம். தேதி, அறை எண், மூன்று நேரங்கள், அட்டை மாட்டியிருந்தது, இதை மட்டும் எழுதி மேலாளருக்கு அனுப்புங்கள். அவள் பெயரைக் கேட்டு எழுதினால் அவள் வேலை போகும், முறை மாறாது. நேரங்களை எழுதினால் யார் யாருக்குத் தகவல் சொல்லவில்லை என்று அவர்களே தேடியாக வேண்டும்.

*

கேள்வி: ‘24 மணி நேர செக்-அவுட்’ என்று போட்டிருந்த லாட்ஜில் ராத்திரி 10 மணிக்கு அறை எடுத்தோம். காலை 6 மணிக்கே பையன் வந்து “ரூம் வேகேட் பண்றீங்களா, இன்னொரு நாள் போடவா?” என்கிறான். 24 மணி நேரம் என்றால் என்னதான் அர்த்தம்? (ஒரு வாசகி, கோவை)

பதில்: நீங்கள் நினைத்த அர்த்தம்தான். ராத்திரி 10 மணிக்கு எடுத்தால் மறுநாள் ராத்திரி 10 வரை அறை உங்களுடையது. பஸ் ஸ்டாண்டுக்கும் கோயிலுக்கும் பக்கத்தில் இருக்கும் லாட்ஜுகளில் இந்த முறை இருப்பதே, எந்த நேரத்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களுக்கும் கட்டணம் வீணாகக் கூடாது என்பதற்காகத்தான். காலை ஆறு, ஏழு மணிக்குப் பல லாட்ஜில் கவுண்டர் ஆள் மாறுவார். ராத்திரி ஆள் கணக்கு ஒப்படைக்கும்போது எந்த அறை காலியாகும் என்று பகல் ஆள் கேட்பார், பையனை அனுப்பிவிடுவார்கள். திருவண்ணாமலையில் பௌர்ணமி மறுநாள் காலை என்றால் கேட்கவே வேண்டாம், கிரிவலம் முடித்துவிட்டு வந்த கூட்டம் படிக்கட்டில் நிற்கும்.

பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது வந்த நேரம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 10 மணிக்கு வந்தவருக்கு 8 என்று எழுதும் இடமும் உண்டு. அந்தப் பக்கத்தையோ ரசீதையோ செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பையன் கேட்டால், “ராத்திரி பத்துக்கு, தம்பி” என்று சொன்னால் போதும். எத்தனை மணிக்கு என்பதை அவனிடம் யாரும் சொல்லி அனுப்பியிருக்க மாட்டார்கள்.

*

கேள்வி: பில் கட்டும்போது “ஒரு நிமிஷம் இருங்க, ரூம் செக் பண்றாங்க” என்று நிறுத்துகிறார்கள். துண்டு எண்ணுகிறார்களாம். திருடன் மாதிரி நிற்க வேண்டியிருக்கிறது. (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: அந்த வலி எனக்குப் புரிகிறது. லாபியில் பேரப்பிள்ளைகள் முன்னால் நிற்கும் ஒரு பெரியவரின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். துண்டு காணாமல் போகத்தான் செய்கிறது. ஆனால் அதைவிட அதிகம் அந்தச் சோதனையில் கிடைப்பது விருந்தாளியின் பொருள்: சார்ஜர், மூக்குக்கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி முன்னால் கழற்றி வைத்த மோதிரம், தலையணைக்கு அடியில் வைத்த தாலிச் சங்கிலி. பல் செட்டைக்கூட டம்ளரோடு எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன், கார் கிளம்பிவிட்டது.

சொல்கிற விதத்தில்தான் இருக்கிறது. “எதையாவது மறந்து வைத்திருக்கிறீர்களா என்று பார்த்துவிடுகிறோம்” என்று சொல்லச் சொல்லி எங்கள் ரிசப்ஷன் பிள்ளைகளிடம் கெஞ்சியிருக்கிறேன். நீங்கள் கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போன் செய்து, “கீழே வருகிறோம், அறையைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டு இறங்குங்கள். லிஃப்டில் வருவதற்குள் முடிந்துவிடும்.

*

கேள்வி: மகன் பட்டமளிப்புக்கு அமெரிக்கா போனோம். ஹோட்டலில் மூன்று நாளும் தொந்தரவு செய்யாதீர்கள் அட்டை போட்டிருந்தும் இரண்டாம் நாள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அட்டைக்கு அங்கே மதிப்பில்லையா? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: மதிப்பு உண்டு, எல்லையும் உண்டு. 2017 அக்டோபர் 1 அன்று லாஸ் வேகாஸில் ஒரு ஹோட்டலின் 32-வது மாடி அறையிலிருந்து ஒருவன் கீழே இசை விழாவுக்கு வந்திருந்த கூட்டத்தின் மேல் சுட்டான். அதற்கு முந்தைய நாட்களில் அந்த அறைக்குள் ஏராளமான துப்பாக்கிகளைச் சேர்த்து வைத்திருந்தான். அதற்குப் பிறகு அங்கே பல பெரிய ஹோட்டல்கள், அட்டை தொங்கினாலும் ஒரு நாளுக்கு மேல் அறையைப் பார்க்காமல் விடுவதில்லை என்று விதியை மாற்றின. டிஸ்னி அந்த ஆண்டு டிசம்பரிலேயே சில ஹோட்டல்களில் அட்டையின் வாசகத்தை ‘அறையில் ஆள் இருக்கிறார்’ என்று மாற்றத் தொடங்கியது.

நம் ஊரிலும் நாள் முழுக்க அட்டை தொங்கினால் பிற்பகலில் போன் செய்வோம். எடுக்கவில்லை என்றால் மேலாளரும் செக்யூரிட்டியும் சேர்ந்து போவார்கள், அட்டெண்டன்ட் தனியாகப் போகக் கூடாது. அப்படிப் போய், சர்க்கரை இறங்கி மயங்கிக் கிடந்த ஒரு பெரியவரை நாங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். அதற்காகத்தான் அந்த அவசரச் சாவி.

*

கேள்வி: டிப்ஸை யாரிடம் கொடுப்பது? கிளம்பும்போது அறை சுத்தம் செய்தவர் கண்ணிலேயே படுவதில்லை. (ஒரு வாசகர், நெல்லை)

பதில்: தலையணை மேல் வைத்து, ‘ஹவுஸ்கீப்பிங்குக்கு’ என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதாமல் வைத்தால் மறந்து விட்டுப்போன பணம் என்று கணக்கில் சேர்த்துவிட வேண்டும், அவளால் எடுக்க முடியாது. பல நாள் தங்கினால் தினமும் வைப்பது நல்லது, கடைசி நாளில் வருகிறவர் வேறு ஆளாக இருக்கலாம்.

*

கேள்வி: நான் ஒரு ஹோட்டலில் ரூம் அட்டெண்டன்ட். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். பத்து மணிக்குள் காலி அறை எத்தனை என்று சூப்பர்வைசர் அக்கா கேட்கிறார். தட்டினால் கெஸ்ட் திட்டுகிறார்கள், தட்டாவிட்டால் அக்கா திட்டுகிறார். போன வாரம் ஒருவர் ரொம்பக் கேவலமாகப் பேசிவிட்டார். லினன் ரூமில் போய் அழுதேன். என்ன செய்வது? (ஒரு சகோதரி, ஊர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, நீ என்றே எழுதுகிறேன், என் மகளைவிடச் சின்னவளாக இருப்பாய். லினன் ரூமில் அழாதவர்கள் எங்கள் தொழிலில் இல்லை. அந்தத் துணி மூட்டை மேல் உட்கார்ந்து நானும் அழுதிருக்கிறேன். திருச்சி வாசகரின் கடிதத்தையும் உன் கடிதத்தையும் ஒரே நாளில்தான் படித்தேன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் பட்டியல் கைக்கு வந்ததும் முதலில் தங்கியிருப்பவர்களின் அறைகளை எடு. அவர்களில் ‘சுத்தம் செய்யவும்’ போட்டவர்கள், டிபனுக்கு இறங்கியவர்கள், வெளியே சுற்றப் போனவர்கள் இருப்பார்கள். அங்கே ஒன்பதரை, பத்து வரை வேலை ஓடிவிடும். டியூ அவுட் அறைகளில் சிவப்பு விளக்கோ அட்டையோ இருந்தால் கிட்டேயே போகாதே. ட்ராலியையும் அந்தக் கதவு முன்னால் நிறுத்தாதே, சக்கரச் சத்தத்திலேயே தூக்கம் கலையும். அறை எண்களை ஒரு சீட்டில் எழுதி அக்காவிடம் கொடுத்து, “இந்த ரூமுக்கெல்லாம் ரிசப்ஷன்ல இருந்து ஒரு போன் பண்ணிக் கேக்கச் சொல்லுங்கக்கா, எத்தனை மணிக்குக் கிளம்புறாங்கன்னு எழுதித் தந்தா நான் வரிசை போட்டுக்கறேன்” என்று சொல். ஒன்பதரைக்கு முன்னால் அந்த போனும் வேண்டாம் என்று சேர்த்துச் சொல். வாயால் சொன்னால் காற்றில் போய்விடும், சீட்டாகக் கொடு. உன் பெயரும் நேரமும் அதில் இருக்கட்டும்.

அட்டை இல்லாத கதவை விரல் மூட்டால் தட்டு, சாவியால் தட்டாதே. அது பூட்டைத் திறக்கிற சத்தம் மாதிரியே உள்ளே கேட்கும். தட்டிவிட்டு “ஹவுஸ்கீப்பிங்” என்று சொல், பத்து எண்ணு. மறுபடி தட்டு, மறுபடி எண்ணு. மூன்றாவது முறைக்குப் பிறகு, கை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து, வெளியே நின்றபடியே மறுபடி சொல். தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலோ, ஏ.சி. ஓடினாலோ, வாசலில் செருப்பு கிடந்தாலோ உடனே சாத்திவிடு. ஆள் எட்டிப் பார்த்தால், “மன்னிச்சுக்கங்க” என்று ஒரு வார்த்தை, அதோடு நகர்ந்துவிடு. ஏன் வந்தேன் என்று விளக்கப் போனால்தான் பேச்சு வளரும்.

கேவலமாகப் பேசியவரைப் பற்றி நீ அக்காவிடம் சொன்னாயா? சொல்லியே ஆக வேண்டும், அந்த அறை எண்ணோடு. அன்றைக்கு மட்டும் அந்த அறைக்கு இரண்டு பேராகப் போகச் சொல்வதும், மேலாளர் அவரிடம் பேசுவதும் உன் ஹோட்டல் செய்ய வேண்டிய வேலை. நீ ஒருத்தியாகத் தாங்கிக்கொள்ள வேண்டியது இல்லை.

நாளைக்கே அந்தச் சீட்டைக் கொடுத்துப் பார். அக்கா என்ன சொன்னார் என்று அடுத்த மாதம் எனக்கு எழுது. மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அதையும் எழுது.